உட்காரும் உரிமை

“எசமானேண்ணு தொடங்கப்புடாது. தோளில கிடக்குத துண்டையும் எடுக்கப்புடாது, கேட்டியளா?” அடுக்களையில் நின்று கணவனுக்குப் பயிற்சி கொடுத்தாள் நேசம்.

அருமநாயகம் தொண்டையைச் செருமினார். “பிள்ளைவாளே, காலத்தே இருந்து நின்னு காலு கடுக்குது. எனக்கும் இருக்கணும்.”

“சத்தம் போராது! தாணுலிங்கம் பிள்ளை என்ன புலியா, கடிச்சுத் திங்க?”

பாட்டன் காலம் தொட்டுப் பிள்ளை வீட்டு வயலில் குனிந்த முதுகு அது. நிலச் சட்டம் குடியிருந்த மண்ணைச் சொந்தமாக்கியது. முதுகை நிமிர்த்த எந்தச் சட்டம் வந்தது? பாறசாலைத் துணிக்கடையில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் பிள்ளை அமர்ந்திருக்க, எதிரே இரண்டாண்டாக நின்றுகொண்டிருந்தார் அருமநாயகம்.

அன்று துண்டு தோளில் கிடக்கக் கடைக்குள் நுழைந்தார். கண்களை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பிள்ளை துள்ளி எழுந்தார்.

“இதை நேரத்தே சொல்லப்புடாதா, முதலாளி? நிலம் போனபொறவு உங்ககிட்ட வேலைக்கு வந்த முதல் நாளே, துபாயில இருந்து நீங்க கொண்டுவந்த இந்தச் சுத்துத கசேரியைத் துண்டால துடைச்சு, என்னை இருக்கச் சொன்னிய. அண்ணு தொடங்கின தலைசுத்தல் இன்னும் தீரல்ல. சம்பளம் தாற முதலாளி சொல்லை எப்பிடி மறுக்க?”

அருமநாயகம் தம் நாற்காலியில் முதன்முறையாக அமர்ந்தார். அது அவரை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி நிறுத்தியது. கைப்பிடியை இறுகப் பற்றியபடி, தம் வாழ்நாளின் முதல் கட்டளையை அவர் பிறப்பித்தார்:

“பிள்ளைவாளே, நாளைக்குச் சுத்தாத கசேரி ரெண்டு வாங்கணும்.”