சன்னாசி பார்த்த கடல்

"ஐயோ சாமி! இவ்ளோ தண்ணிய யாரு கொண்டாந்து ஊத்துனா?"

லூமுட் கரையில் காரை விட்டு இறங்கியதும், இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சன்னாசிக் கிழவர் போட்ட கூச்சலில், எதிரே இருந்த பங்கோர் தீவு கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது. மீன் காயவைத்துக்கொண்டிருந்த சீனக் கிழவி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

லூர்துசாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இதான் பெரியவரே, கடலு! நல்லா பாத்துக்குங்க!" என்றார், ஏதோ காலையில் தானே வெட்டி முடித்ததுபோல.

லூர்துசாமி தைப்பிங்கிலேயே பிறந்து, ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து பென்ஷன் வாங்கியவர். மனைவி நவமணி இறந்தபின் வீட்டில் அவரோடு பேசக் கடிகாரம் ஒன்றுதான் மிச்சம். அதுவும் மணிக்கு ஒரு தடவைதான் வாயைத் திறக்கும்.

அதனால் ஞாயிறுதோறும் பூசை முடிந்த கையோடு, ஈப்போ எல்லையிலிருந்த முதியோர் விடுதிக்குத் தன் பழைய ஃபோர்டு காரை விடுவார். நாகப்பட்டணத்திலிருந்து கப்பலேறி வந்து, ரப்பர் மரத்தோடு மரமாகத் தேய்ந்து, நாதியில்லாமல் போன தோட்டத்து ஆள்கள் இருக்கும் இடம் அது. ஒருவரை ஏற்றிக்கொண்டு போய், அவர் பார்த்ததே இல்லை என்று சொல்வதைக் காட்டி வருவார். வாரத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் முகமே சவரம் பார்க்கும்.

இப்போது அதற்கும் ஆபத்து வந்திருந்தது. போன ஞாயிறு விடுதியிலிருந்த மாயாண்டியைச் சீனக் கூத்துக்கு அழைத்துப் போய்க் கூட்டத்தில் தொலைத்துவிட்டார். பன்றி ஏற்றி வந்த வண்டியில், பன்றிகளுக்கு நடுவே ராஜா மாதிரி உட்கார்ந்து, மாயாண்டி தானாகவே விடுதிக்கு வந்து சேர்ந்தார்.

விடுதியைக் கவனிக்கும் மேட்ரன் டோரிஸ் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"திரும்பி வந்து, நல்லா இருந்துச்சுன்னு சன்னாசித் தாத்தா அவரு வாயால சொல்லணும் லா. இல்லன்னா இதோட நிறுத்திக்குங்க ஐயா."

சன்னாசி வாயால்! சோறு வெந்தாலும் குற்றம், வேகாவிட்டாலும் குற்றம் என்கிற வாய் அது. போதாக்குறைக்கு வழியில் சித்தியவானில் டயர் வெடித்தது. அந்தச் சத்தத்தில் ஊர்க் கோழிகள் ஒரு வாரத்துக்கு முட்டையிடவில்லை.

"சம்பான் படகுல ஒரு சுத்து போலாமா பெரியவரே? பயமா இருக்கா?"

"பயந்தான் ஐயா. நீங்க கையப் புடிச்சுக்கிட்டா வாரேன்."

படகு கரையை விட்டதும் அலை ஒன்று தூக்கிப் போட்டது. லூர்துசாமியின் முகம் வாழையிலைப் பச்சையாகியது. காலையில் குடித்த கோப்பியிலிருந்து ஞானஸ்நானத்தன்று குடித்த பால் வரைக்கும் எல்லாம் கடலுக்குப் போனது.

சன்னாசி சம்மணம் கலையாமல், மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி அவர் மூக்கில் வைத்தார். "மோந்துக்கிட்டே இருங்க. இப்ப நின்னுடும்."

"எலுமிச்சம்பழம் எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"சும்மாதான் ஐயா. கண்ணு பட்டுறக் கூடாதுல்ல."

கரையில் மீன்குழம்பும் சோறும். "தனியாத் திங்கக் கூச்சமா இருக்கு ஐயா, நீங்களும் போட்டுக்குங்க" என்று சன்னாசி நச்சரித்ததில், வீட்டில் அரைத் தட்டுக்கே முகம் சுளிக்கும் லூர்துசாமி இரண்டு தட்டைக் காலி செய்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு நண்டு வந்து சன்னாசியின் கால் கட்டைவிரலைக் கவ்வியது. கிழவர் ஒற்றைக் காலில் ஆடிய ஆட்டத்துக்கு லூர்துசாமி சிரித்த சிரிப்பில், கால்சட்டைப் பொத்தான் தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. சிரித்து முடித்ததும்தான் டோரிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. கிழவர் கோபித்துக்கொண்டால்?

திரும்பும் வழியில், இருபத்தாறாம் வருஷத்து வெள்ளத்தில் மிச்சம் வைத்ததையெல்லாம் வானம் கொட்டித் தீர்த்தது. காரின் மேல்துணியில் ஒரே ஓர் ஓட்டை. அது சரியாகச் சன்னாசியின் தலைக்கு மேல்.

விடுதி வாசலில் டோரிஸ் காத்திருந்தார். சன்னாசி சொட்டச் சொட்ட நனைந்து, வீங்கிய விரலோடு நொண்டி நொண்டி வந்தார். லூர்துசாமி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, தீர்ப்புக்கு நிற்பவர்போல நின்றார்.

"என்ன தாத்தா, எப்படி இருந்துச்சு?"

சன்னாசி மூக்கை உறிஞ்சினார். காரைப் பார்த்தார். கால் விரலைப் பார்த்தார்.

"அம்மா, கடல்னு ஒண்ணு இருக்குன்னு ஆளாளுக்குச் சொன்னானுங்க. எல்லாம் புளுகுன்னு இருந்தேன். இன்னைக்குக் கண்ணால பாத்துட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

டோரிஸ் ஏனோ கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். "சரி லா ஐயா. அடுத்த வாரமும் வாங்க."

லூர்துசாமி வீடு போய்ச் சேரும் வரைக்கும் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

சன்னாசி உள்ளே போனார். கூடத்தில் எல்லாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். தோட்டத்தை விட்டு வந்தாலும், ஆளை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுப் பழக்கம் அவர்களை விடவில்லை. முன்னாள் கங்காணியான மாயாண்டி கம்பைத் தரையில் தட்டினார்.

"ஏம்பா, மனுஷன் சாப்பிட்டாரா?"

"ரெண்டு தட்டு. வயிறு வலிக்கச் சிரிச்சாரு வேற."

மாயாண்டி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வரிசையைப் பார்த்தார். "அடுத்த ஞாயித்துக்கெழம யாரு?"

கருப்பம்மாள் ஓரடி முன்னால் வந்தாள்.

"என் மொறைதான் அண்ணே. நான் எதைப் பாத்ததே இல்ல?"