பெட்டிக்குள் ஒரு பயணம்

ஒரு வீட்டுச் சுவரில் புருஷனும் பொண்டாட்டியுமாக இரண்டு பல்லிகள் இருந்தன. பட்டணத்து ஓட்டல் ஒன்றின் விளக்கடியில் கொசு பிடிக்கும் வேலை ஆண்பல்லிக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் அன்றைக்கே பட்டணம் கிளம்பினார். அவர் பெட்டிக்குள் பதுங்கிப் போய்விடலாம் என்று அதுவே முடிவு கட்டிவிட்டது.

“கடிகாரத்துக்குப் பின்னாடி இருக்கிற நம்ம இடத்தைத் தம்பிக்குக் கொடுத்துட்டேன். நீ சீக்கிரம் இறங்கு.”

“என் வேலை என்னங்க ஆகிறது?” என்றது பெண்பல்லி. அது உச்சுக் கொட்டினால் வாசல்வரை போனவர்கள்கூடத் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

“அதெல்லாம் ஒரு வேலையா? அங்கே வந்து கொட்டேன்.”

“அங்கே என் பேச்சை யார் கேட்பாங்க?”

“நான் கேட்கிறேன், போதாதா?” சிரித்துக்கொண்டே ஆண்பல்லி சட்டைகளுக்கிடையில் நுழைந்தது.

பெண்பல்லிக்கு வால்நுனிவரை பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் பயணத்துக்கெல்லாம் தன் வாயைப் பார்க்கிறார்கள். தன் பயணத்தில் மட்டும் தனக்கு வாயே இல்லையா? வீட்டுக்காரர் பெட்டியை மூடினார்.

சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு அது உச்சுக் கொட்டியது.

வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். “சரி, இன்னிக்கு வேண்டாம்” என்று சட்டைகளை வெளியே எடுத்து உதறினார்.

தரையில் விழுந்த ஆண்பல்லி தட்டுத்தடுமாறிச் சுவரேறி வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டது:

“பட்டணம் போறதைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?”