நான்காவது பெட்டி

பல் டாக்டரம்மா பாகங்களைப் பூட்டிச் செய்யும் பொம்மை நீராவி ரயில் கிட் ஒன்றை வாங்கி, ஓய்வு நாளெல்லாம் அதைத் திருகி முடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை கொதிகலன் ஒழுகி, இஞ்சின் நகரவே இல்லை.

"இது ஓடிட்டா என் மீசையை எடுத்துடறேன்" என்றார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் கொதிகலனுக்கு அடியில் திரியைப் பற்றவைத்தாள். தண்ணீர் கொதித்தது. சக்கரம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சுழன்றது. ரயில் மூன்று பெட்டிகளோடு கூடத்தைச் சுற்றி, சோபாவுக்கு அடியில் புகுந்தது. இருவரும் கைதட்டிச் சிரித்தார்கள். கணவர் மீசையைத் தடவி அதனிடம் விடைபெற்றுக்கொண்டார்.

மறுபக்கம் ரயில் நான்கு பெட்டிகளோடு வெளியே வந்தது.

கடைசிப் பெட்டி பச்சை. அப்படியொரு பெட்டி அந்தக் கிட்டில் இல்லவே இல்லை. கணவர் சோபாவுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். தண்டவாளமும் தூசியும்தான் இருந்தன.

"என்னங்க, நிறுத்திடட்டுமா?"

"வேண்டாம். டிக்கெட் எடுத்து ஏறியிருப்பாங்க, பாவம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வால்வைத் திருகி வேகத்தைக் குறைத்தாள். இருவரும் தரையில் குப்புறப் படுத்துக் காத்திருந்தார்கள்.

பச்சைப் பெட்டி மெல்ல அவர்களைக் கடந்தது. அதன் சன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்க, யாரோ உள்ளிருந்து கடுகளவு வட்டமாக அதைத் துடைத்தார்கள்.

கணவர் கையசைத்தார்.