மணல் துள்ளும் தகடு

“கட்டுரையில என் பேருதான் சார் முதல்ல வரணும்” என்று செல்லக்கிளி கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஆய்வுக்குச் சேர்ந்த அன்றே சீனியர்கள் சொல்லிவைத்திருந்தார்கள்.

பேராசிரியர் சிதம்பரநாதன் நிமிரவில்லை. மேசையில், சொல்லைக் கேட்டு இன்னதென்று பிரித்தறிய அவள் செய்த தகடு கிடந்தது. அதற்குக் கம்பியும் கிடையாது, கணினியும் கிடையாது. குரலைக் கேட்டு அது பழகியதெல்லாம் உள்ளே நெளியும் துவாரங்களின் வடிவத்திலேயே இருந்தது. ‘வா’ என்றால் இடது ஓரத்தில் தூவிய மணல் துள்ளும். ‘போ’ என்றால் வலது ஓரத்து மணல். அவர் குனிந்து “வா” என்றார். எதுவும் அசையவில்லை. செருமிக்கொண்டு இன்னும் சத்தமாக “வா” என்றார்.

“என்னம்மா, இதுக்குக் காது செவுடா?”

“என் குரலை வெச்சுதான் சார் பழக்கினேன். குரல் பதிஞ்சு குடுங்கன்னு உங்க எல்லார்கிட்டயும் வந்து கேட்டேன். யாருக்கும் நேரமில்ல.”

“சரி, மாத்திடு.”

“வார்த்து எடுத்தாச்சு. இனி ஒரு துவாரத்தைக்கூட மாத்த முடியாது.”

பக்கத்து அரங்கில், ஆய்வுக்கு நிதி கொடுப்பவர்கள் தகட்டைப் பார்க்க வந்து உட்காரும் சத்தம் கேட்டது. அவர் குரல் இறங்கியது. “ஒண்ணு பண்ணு. நீ திரைக்குப் பின்னாடி நின்னு சொல்லு, நான் முன்னால நின்னு வாயசைக்கிறேன். பேரெல்லாம் அப்புறம். உங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முத ஆளு நீ. அவசரப்படாத.”

செல்லக்கிளிக்குக் காது சூடேறியது. “வாயசைக்கவாவது வருமா சார்?” என்றாள்.

மணல் சிந்தாமல் தகட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அறையைவிட்டு வெளியேறி, அரங்கின் முன்வாசல் பக்கம் நடந்தாள்.