கைப்பிடி இல்லாத நாற்காலி

கிழவரின் கண்ணில் நீர் முட்டிய பிறகுதான் அவள் எண்ணவே தொடங்கினாள்.

"ஒண்ணு. கையை ஊணாம எந்திரிங்க. அதுக்குத்தான் கைப்பிடி இல்லாத நாற்காலியாப் போட்டிருக்கேன்."

"முட்டி நடுங்குதும்மா."

"நடுங்கட்டும். ரெண்டு."

பிசியோதெரபி அறையின் மூலையில் நின்ற அவருடைய மகள் பல்லைக் கடித்தாள். "வீட்டுப் பக்கத்துலயே ரெண்டு ஆஸ்பத்திரி இருக்கு. அதையெல்லாம் தாண்டி இங்கதான் வருவேன்னு அடம் பிடிச்சீங்களேப்பா, இப்ப அனுபவிங்க."

எண்ணிக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தோரு வருடம் காத்திருந்தவள் அவள். அன்று இவர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். அவள் ஏழாம் வகுப்பில் கொஞ்சம் பருமனான பெண். "ஏய் மூட்டை, உருண்டு வா" என்று விசிலடித்து மைதானத்தைச் சுற்ற விடுவார். மொத்தப் பள்ளிக்கூடமும் சிரிக்கும். பள்ளியை விட்டுப் போகும்வரை அவளுக்கு அதுதான் பெயர்.

இன்று மூட்டை அவர்தான், வெறும் எலும்பு மூட்டை. இடுப்பு எலும்பு முறிந்து படுத்ததில் பதினோரு கிலோ கரைந்து, தொடைச் சதை பழந்துணியாகத் தொங்கியது. எழுபத்து நாலு வயசுக்கு இவ்வளவுதான் என்று பெரிய டாக்டரே கைகழுவியிருந்தார்.

அவள் விடவில்லை. கணுக்காலில் மணல் பையைக் கட்டிப் படியேற வைத்தாள். எதிரில் உட்கார்ந்து இரண்டு அவித்த முட்டையை மென்று விழுங்க வைத்தாள். "போதும்மா" என்றால் இன்னும் ஐந்து தடவை. அவர் கெஞ்சக் கெஞ்ச அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

நான்காம் மாதம் கைத்தடி இல்லாமல் நடந்து வந்தார். எடை ஆறு கிலோ ஏறியிருந்தது. இனிமேல் அவர் வரவேண்டிய தேவையில்லை.

மகள் வண்டி பார்க்க வெளியே போனாள். இத்தனை வருடம் நாக்கு நுனியில் வைத்திருந்ததை இவள் அப்போதுதான் எடுத்தாள்.

"சார், உங்களை இந்தப் பாடு படுத்தினது யாருன்னு தெரியுமா? உங்க ஏழாம் கிளாஸ் மூட்டை."

கிழவர் தானே குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை.

"தெரியும்மா. நீ எங்க வேலை பார்க்கிறேன்னு விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். மத்தவங்க எல்லாரும் பாவம் பார்த்துப் பார்த்தே என்னைப் படுக்க வச்சுட்டாங்க."

வாசல்வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கு மட்டும்தான் என்மேல பாவம் வராது."