எல்லைப் பானை

காடு திருத்தி ஊரை உண்டாக்கியவர்கள், புதிதாக வருகிறவர் எவரும் தாகத்தோடு உள்ளே நுழையக் கூடாதென்று எல்லையில் தண்ணீர்ப் பானை வைத்தார்கள். அவர்கள் வழிவந்த வேலம்மைக்கு இப்போது அந்த எல்லைதான் பிடிபடவில்லை. போன வாரம் பானை வைத்த இடத்தில் இன்று செருப்புக்கடை. நிறைபானையை இடுப்பில் வைத்து விடிகாலையில் கிளம்பியவள், வெயில் ஏறியும் நடந்துகொண்டிருந்தாள். "எல்லையா? காலையில இங்கதான் இருந்துச்சு, எங்க போச்சோ!" என்று சாரத்தின் மேலிருந்து கொத்தனார் சிரித்தார். நாக்கு வறண்டது. வருகிறவர்களுக்கான தண்ணீரில் அவள் கை வைக்கவில்லை. பூச்சு காயாத ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி சொம்போடு ஓடிவந்தாள். "குடிங்கக்கா. ஊருக்குப் புதுசா?" வேலம்மை பானையை அந்த வாசலில் இறக்கி வைத்தாள். "ஆமா தாயி" என்று சொம்பை வாங்கிக்கொண்டாள்.