கொஞ்சம் இடது

ஒரு பொம்மை ஹெலிகாப்டருக்கு வால் விசிறி வளைந்திருந்தது. அதனால் மேலே எழும்பும்போதெல்லாம் வலப்பக்கமாகச் சுற்றும். அதை இயக்கும் ரிமோட், ஒவ்வொரு கட்டளையோடும் கொஞ்சம் இடது என்று சேர்த்துச் சொல்லி, பல மாதங்களாக அதை விழாமல் காப்பாற்றி வந்தது.

ஒரு நாள் உரிமையாளர் தெய்வநாயகம் புது விசிறி மாட்டினார். அன்றிலிருந்து ஹெலிகாப்டர் இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. இரண்டு முறை தரையில் மோதியது. அவர் மறுபடி பிரித்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "இன்னொரு தடவை விழுந்தா, கழற்றி உதிரி பாகமா எடுத்துக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஹெலிகாப்டர் ரிமோட்டிடம் மெல்லக் கேட்டது: "அண்ணே, நேராப் போன்னு சொல்றப்போ, கூட வேற ஏதாவது சொல்றீங்களா?"

"கொஞ்சம் இடதுன்னும் சொல்றேன். இல்லேன்னா நீ வலப்பக்கம் போயிடுவியே."

"அது பழைய விசிறி. மாத்தியாச்சே."

"தெரியும். மாட்டினப்போ பக்கத்துலதான் இருந்தேன். சொல்லாம விட்டு, நீ விழுந்துட்டா?"

"விழுந்தா, அது என்னாலதான்னு தெரிஞ்சுக்கலாம். இப்போ அதுகூடத் தெரியலையே."

தெய்வநாயகம் திரும்பி வந்து விசையை மேலே தள்ளினார். ரிமோட் இந்த முறை நேர் என்று மட்டும் சொன்னது. ஹெலிகாப்டர் எழும்பியது. காற்றில் ஒரு கணம் வலப்பக்கம் சாய்ந்தது. ரிமோட்டுக்கு அந்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டது.

ஹெலிகாப்டர் தானே நிமிர்ந்து, அவர் தலைக்கு மேலே அசையாமல் நின்றது.